வேலுத்தாய் உடைத்த சுவர்

பச்சை ஏலக்காயைச் சூட்டில் உலர்த்தும் ஸ்டோரில் தீப்போடுவது ஆண்களின் வேலை. போடிமெட்டுக்கு மேலே இருந்த ஒரு சின்ன எஸ்டேட்டில் மட்டும் 1974 முதல் அதைச் செய்தவள் வேலுத்தாய். முன்பிருந்த ஆள் சொல்லாமல் போய்விட்ட அன்று, பறித்த காய் மூட்டை மூட்டையாகக் கிடந்தது. களை வெட்டிக்கொண்டிருந்த வேலுத்தாய் வந்து அடுப்பின் முன் உட்கார்ந்தாள்.

"பொம்பள போட்ட தீயில காய் வெளுத்துப் போகும்" என்றார் கங்காணி ஒச்சப்பன்.

காய் வெளுக்கவில்லை, பச்சை மாறாமல் காய்ந்தது. அவளும் எழுந்திருக்கவில்லை.

ஸ்டோரில் அடுப்பு சுவருக்கு வெளியே இருக்கும். புகை தகரக் குழாய்க்குள் புகுந்து, அறைக்குள் தரையை ஒட்டிச் சுற்றி, எதிர்ச்சுவர் வழியாக வெளியேறிவிடும். சூடு மட்டும் உள்ளே தங்கும். ஆனால் வேலுத்தாயின் சொந்த வீட்டில் மூன்று கல் அடுப்புதான், அதுவும் நடுவீட்டில். மழைக்காலத்தில் குளிர் காய்வதும் இருமுவதும் ஒன்றாகவே நடந்தன.

1981 வைகாசியில் அவள் கணவர் சுருளிவேலுக்கு மூச்சிழுப்பு முற்றியது. புகையும் ஆகாது, ஈரமும் ஆகாது என்று போடி டாக்டர் சொல்லிவிட்டார். அடுப்பை மூட்டினால் புகை, அணைத்தால் ஈரம்.

போடிக்கும் மெட்டுக்கும் ஜீப்பு ஓட்டிய அவள் அண்ணன் கோட்டைச்சாமி ஒரு முடிவோடு வந்தார்.

"மாப்ளைய கீழ போடிக்குக் கூட்டிட்டுப் போயிருவோம் ஆத்தா. நம்ம வீட்டு மாடியில தகரம் போட்ட ரூம்பு சும்மாதான் கெடக்கு."

அந்த அறையில் ஒரு சித்திரையில் நான்கு நாள் இருந்தவள் வேலுத்தாய். பகல் முழுக்கத் தோசைக்கல்லுக்குக் கீழே இருப்பது போல இருந்தது. அங்கே போனால் அவள் வேலையும் போய்விடும்.

"அங்க போய் எனக்கு என்ன சோலி?" என்றார் சுருளிவேல், சுவரைப் பார்த்தபடி.

"ஆடி முடியட்டும்ணே" என்றாள் வேலுத்தாய். "அதுக்குள்ள இந்த வீட்ட இவரு மூச்சு விடுற வீடா ஆக்கிக் காட்டுறேன். ஆகலைன்னா நானே ஜீப்புல ஏறி ஒக்காந்துக்கிறேன்."

அடுத்த நடையில் அண்ணன் ஒரு கரண்டு ஹீட்டரைக் கொண்டுவந்தார். அதைப் போட்டதும் வீட்டின் ஒரே பல்பு மங்கிச் சிவந்தது. மரக்கிளை விழுந்து கம்பி அறுந்தால் மூன்று நாள் கரண்டு இராது. கடுங்குளிர் அந்த மூன்று நாளில்தான் வரும். ஹீட்டர் திரும்பிப் போனது. மண்ணெண்ணெய் அடுப்பின் வாடைக்கே சுருளிவேலுக்கு இருமல் வந்தது. அடைத்த அறையில் கரிச்சட்டி வைக்கக் கூடாது என்று டாக்டரே சொல்லியிருந்தார்.

கடைசியில் வேலுத்தாய் தனக்கு ஒரு கணக்கு வைத்துக்கொண்டாள்: சோறு பொங்குகிற தீயே வீட்டையும் சூடாக்க வேண்டும், அதற்கென்று தனியாக ஒரு சுள்ளிகூட எரியக் கூடாது.

ஸ்டோருக்குப் பின்னால் கழித்துப் போட்டிருந்த பழைய குழாய்களை ஒச்சப்பனிடம் கேட்டாள்.

"வீட்டுக்குள்ளயா? புருசனக் காயப் போடப் போறியாக்கும்?"

"ஆமா. வெளுக்காமக் காயப் போடுவேன், பாருங்க."

அடுப்பை வெளியே தாழ்வாரத்துக்கு மாற்றினாள். குழாயைச் சுவரோரமாக வீட்டுக்குள் ஓட்டி, எதிர்ப்பக்கம் கூரைக்கு மேலே ஏற்றினாள். இணைப்புகளைக் களிமண்ணால் அடைத்தாள். சுவர் முழுவதும் புது மண் பூசி, கூரை இடுக்குகளில் சாக்கைத் திணித்தாள். ஸ்டோர் கதவை அடைப்பது போல, ஊசி நுழைய இடமில்லாமல்.

ஆடிச் சாரல் பிடித்தது. இரண்டு நாள் வீட்டில் புகையே இல்லை, கால் வைத்த தரை கதகதவென்று இருந்தது. மூன்றாம் நாள் சுருளிவேலுக்கு இழுப்பு முன்னைவிட மோசமானது. படுக்க முடியாமல் உட்கார்ந்தே இருந்தார். ஐந்தாம் நாள் காலையில் ஜீப்பு வாசலில் வந்து நின்றது.

"என்னத்தா இது, வீடா இட்லிச் சட்டியா?" என்று உள்ளே வந்த வேகத்தில் வெளியே போனார் கோட்டைச்சாமி. "துணிமணிய எடு. வெரசா."

துணிமூட்டை ஜீப்புக்குள் போனது. கணவரை எழுப்ப வந்த வேலுத்தாய் சுவரில் கையை ஊன்றினாள். உள்ளங்கை நனைந்தது. முகர்ந்து பார்த்தாள். பச்சை மண் வாடை.

ஸ்டோரில் சூடேறிய காய் இப்படித்தான் முதலில் வேர்க்கும். அந்த நேரத்தில் மேல் சன்னலைத் திறந்து ஆவியை வெளியேற்றிவிட்டுத்தான் மறுபடி அடைப்பாள். ஏழு வருடமாக யாரும் சொல்லாமல் செய்த வேலை. தன் வீட்டில் மட்டும் சூடு போய்விடுமே என்று எல்லாவற்றையும் அடைத்திருந்தாள்.

கடப்பாரையை எடுத்துவந்து, கூரையை ஒட்டிச் சுவரில் குத்தினாள்.

"சூடெல்லாம் போயிருமே, புள்ள" என்றார் சுருளிவேல், மூச்சுக்கு இடையில்.

"போகட்டும். ஈரத்தையும் கூட்டிட்டுப் போகட்டும்."

"கிறுக்குப் புடிச்சிருச்சா ஒனக்கு?" வாசலில் இருந்து கத்தினார் அண்ணன். "எனக்குக் குரங்கணியில லோடு ஏத்தணும்."

"போய் ஏத்திட்டு வாங்கண்ணே. ஆடி இன்னும் முடியல."

கதவின் அடியில் திணித்திருந்த சாக்கையும் உருவினாள். உலையை ஏற்றித் தீயைக் கூட்டினாள். வெள்ளையாக ஆவி ஓட்டை வழியே வெளியேறுவது வாசலில் இருந்தே தெரிந்தது. கோட்டைச்சாமி போகவில்லை, ஜீப்பில் உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மத்தியானத்துக்குள் கறுத்திருந்த சுவர் மேலிருந்து கீழாக வெளுத்து வந்தது. உலை கொதித்து அடங்கியபோது, சுருளிவேலின் நெஞ்சில் கேட்ட விசில் சத்தம் பாதியாகக் குறைந்திருந்தது. தலையணையை இழுத்துப் போட்டு, இரண்டு நாளுக்குப் பிறகு காலை நீட்டிப் படுத்தார்.

கோட்டைச்சாமி எட்டிப் பார்த்தார். துணிமூட்டையைத் தானே ஜீப்பிலிருந்து எடுத்துவந்து உள்ளே வைத்துவிட்டுப் போனார்.

அந்த ஓட்டைக்கு வேலுத்தாய் ஒரு பலகைக் கதவு மாட்டினாள். சாரலில் விரல் அளவு திறந்து வைப்பாள். பங்குனி வெயிலில் தகரக் கூரை காயும்போது முழுவதும் திறந்துவிடுவாள். கூரைக்கடியில் தேங்கும் அனல் அது வழியே ஏறிப் போய்விடும்.

மறு சித்திரையில் கோட்டைச்சாமி மெட்டுக்கு வந்தார். டீயைக் குடித்து முடித்தும் கிளம்பாமல் சுவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆத்தா, அது எம்புட்டு அகலம் உடைச்ச?"

"ஒரு சாண். எதுக்குண்ணே?"

"மாடி ரூம்புக்குத்தான். மனுசன் இருக்க முடியல."

"தரைய ஒட்டிக் கீழயும் ஒண்ணு உடைங்க" என்றாள் வேலுத்தாய். "இல்லாட்டி காத்து எது வழியா உள்ள வரும்?"