கண்மாயில் இறங்கிய கப்பல் விமானம்

எங்கள் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, யுத்த காலத்தில் கோயம்புத்தூர்ப் பக்கம் கப்பற்படை விமானங்களைப் பழுதுபார்க்கும் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கே அவருக்கு என்ன வேலை என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. 'பிளேன் வேலை' என்று மட்டும் கடிதத்தில் எழுதியிருந்தார். எனக்கு அதுவே போதும். வாடிப்பட்டிப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த நான், மாமா எஞ்சினைத் தொட்டு உத்தரவு கொடுக்காமல் ஒரு விமானமும் கிளம்பாது என்று வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன்.

அப்பாவுக்கு அவர்மேல் அவ்வளவு மரியாதை கிடையாது. இரண்டு வருஷம் எங்கள் வயலில் ஏர் பிடிக்கவிட்டுப் பார்த்து, இவன் கைக்கு உழவுச்சால் நேராக வராது என்று முடிவு கட்டியவர் அவர்.

ஒருமுறை லீவில் வந்த மாமா, கப்பல் விமானங்களைப் பற்றி ஒரு பகல் முழுக்கப் பேசினார். தொடக்கத்தில் தரையில் இறங்குவதற்கென்று செய்த விமானத்துக்கே வாலடியில் ஒரு கொக்கியை மாட்டிக் கப்பலுக்கு அனுப்பினார்களாம். ஆடுகிற கப்பலின் மேல்தளத்தில் குறுக்கே கம்பி கட்டியிருப்பார்கள். அதில் கொக்கி மாட்டினால்தான் விமானம் நிற்கும். தரையில் ஓடிப் பழகிய ஒல்லிக் கால்கள் அந்த அடியைத் தாங்காமல் மடங்கிப் போயின. பிறகுதான் கப்பலுக்கென்றே புதிதாகச் செய்தார்கள். தடித்த கால், பெரிய எஞ்சின், கப்பலின் வயிற்றுக்குள் நெருக்கி அடுக்குவதற்காக மடங்கும் இறக்கை.

"கோழி எறக்கைய ஒடுக்குற மாதிரி ஒடம்போட ஒட்டி மடிச்சிரலாம் மச்சான்" என்றார் மாமா.

அப்பா பீடியைப் பற்ற வைத்துக்கொண்டு, "மடங்குற எறக்கைய வச்சு எப்படி மாப்ள பறக்கும்" என்று கேட்டார். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். மாமா எழுந்து வெளியே போய்விட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்தப் புரட்டாசிக் கடைசியில், கணக்கு வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது, ஓட்டுக்கூரை அதிர ஒரு விமானம் தாழப் பறந்து போனது. மறுபடி வந்தது. மூன்றாவது தடவை சத்தம் திடீரென்று அடங்கிப் போக, வாத்தியார் உட்பட எல்லோரும் வெளியே ஓடினோம். மழை இல்லாமல் காய்ந்து வெடித்துக் கிடந்த எங்கள் கண்மாயில் அது இறங்கி, ஓரத்திலிருந்த உடை முள்மரங்களுக்கு நடுவே புகுந்து நின்றிருந்தது. உள்ளேயிருந்து வெள்ளைக்காரப் பையன் ஒருவன் இறங்கினான். பையன் என்றுதான் சொல்ல வேண்டும், மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. மேகத்தில் திசை தவறி, பெட்ரோல் தீர்ந்து இறங்கியிருக்கிறான். அம்மா கொடுத்த மோரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, சொம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது அம்மாவைக் கும்பிட்டான்.

தந்தி போனது. மறுநாள் உச்சிப்பொழுதில் பெட்ரோல் பீப்பாய்களோடு ஒரு லாரி வந்தது. அதிலிருந்து பெரிய ஃபிட்டர் ஒருவர் இறங்கினார். அவர் பின்னால் கையில் மரப்பெட்டியோடு இறங்கியவர் எங்கள் மாமா.

நான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் போய் நின்றேன். என் வகுப்பே என் பின்னால் நின்றது. மாமா பெட்டியைத் திறந்தார். ஸ்பேனர் ஒன்றும் இல்லை. ஊசிகளும் நூல்கண்டும் மடித்த துணியும்தான் இருந்தன.

"ஒங்க மாமா டைலரா?" என்று பெரியப்பா மகன் என் காதில் கேட்டான். எனக்கு வீட்டுக்கு ஓடிவிடலாம் போல இருந்தது.

ஆனால் அந்தப் பெரிய ஃபிட்டரே மாமாவுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார். விமானத்தின் உடம்பெல்லாம் தகடு. வாலில் மேலும் கீழும் அசைகிற பட்டை மட்டும் துணி போர்த்தியது. விமானியின் கைக்குக் கனக்காமல் அசைய வேண்டும் என்பதற்காக அப்படி. உடைமுள் அதை ஒரு முழ நீளத்துக்குக் கிழித்திருந்தது. "இந்தத் துணி நின்னாத்தான் பிளேனு மூக்கு மேல எந்திரிக்கும்" என்று அப்பாவிடம் சொன்னார் மாமா. சொல்லும்போது அவர் பார்வை சிறுமலைப் பக்கம் போனது. அங்கே மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. எங்கள் கரிசல் மண்ணில் ஒரு மழை விழுந்தால் சக்கரம் புதையும். கண்மாய் நிறைந்தால் விமானம் அங்கேயே கிடக்க வேண்டியதுதான்.

மாமா தைக்க ஆரம்பித்தார். ஏரில் கோணல் சால் போட்ட அதே கை, அந்தத் துணியில் நூல் பிடித்த மாதிரி நேராகப் போயிற்று. ஒவ்வொரு தையலுக்கும் ஒரு முடிச்சு. ஒன்று அறுந்தாலும் அடுத்தது நிற்குமாம். மேலே ஒட்டுத்துணி வைத்து, மூக்கைத் துளைக்கும் வாடையுள்ள ஒரு மருந்தைப் பூசினார். அது காய்ந்தால் துணி பறைத்தோல் மாதிரி விறைத்துவிடும். அந்த நேரம் பார்த்து அப்பா பீடியோடு கிட்டே வந்தார்.

"பீடியக் கீழ போட்டுட்டுத் தள்ளிப் போங்க மச்சான். இது பத்திக்கிரும்."

எங்கள் அப்பாவை ஒருவர் அதட்டி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அப்பா பீடியை எறிந்துவிட்டுத் தள்ளிப் போனார்.

ஈரக்காற்றில் மருந்து காயவில்லை. மாமா கையைப் பிசைவதைப் பார்த்த அம்மா, வீட்டுக்குப் போய் முறத்தோடு வந்தாள். அடுத்த வீட்டுப் பெண்கள் அவரவர் முறத்தோடு வந்தார்கள். யுத்தத்துக்குப் போகிற விமானத்தின் வாலைச் சுற்றி நின்று, நெல் தூற்றுவது போல விசிறினோம். எனக்கும் ஒரு சின்ன முறம் கிடைத்தது. கை கடுக்கக் கடுக்க விசிறினேன்.

காய்ந்ததும், மரங்களுக்கு நடுவிலிருந்து திறந்த வெளிக்கு அதை இழுக்க வேண்டியிருந்தது. திருப்ப இடைவெளி போதவில்லை. ஃபிட்டர் ஆட்களைக் கூப்பிட்டார். அப்பாவும் போய்த் தோள் கொடுத்தார். எதையோ விடுவித்துத் தள்ளியதும், அந்த அகண்ட இறக்கை திரும்பிச் சரிந்து உடம்போடு ஒட்டி ஒடுங்கியது. கோழி ஒடுக்குவது போலத்தான். அப்பா இறக்கையிலிருந்து கையை எடுக்காமல் மாமாவைப் பார்த்தார். "நெசமாத்தான் சொல்லிருக்க மாப்ள" என்றார். நான் பெரியப்பா மகனைத் திரும்பிப் பார்த்தேன். அவன் வாயைத் திறந்தபடி நின்றான்.

வெளியில் கொண்டுபோய் இறக்கைகளை விரித்துப் பூட்டினார்கள். ஃபிட்டர் ஒரு நோட்டை நீட்டினார். எஞ்சினுக்கு அவர் கையெழுத்துப் போட்டார். வாலுக்கு மாமா போட வேண்டும். மாமா உள்ளங்கையை இரண்டு தடவை கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, தமிழில் முழுப் பெயரையும் எழுதினார். விமானி அதைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு மாமாவின் கையைக் குலுக்கினான். ஊர் முழுக்கப் பார்த்தது.

கப்பல் மேல்தளத்திலேயே எழும்புகிற விமானத்துக்கு எங்கள் கண்மாய் பெரிய மைதானம். புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஓடி, கரைக்கு வெகு முன்பே மேலேறி, மேற்கே திரும்பியது. முதல் தூறல் விழும்போது அது புள்ளியாகியிருந்தது. அப்பா மாமாவின் தோளில் கைபோட்டு ஊருக்குள் கூட்டி வந்தார். எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம், "வெள்ளைக்காரனே என் மாப்ளகிட்டக் கையெழுத்து வாங்கிட்டுத்தான் பறக்கான்" என்றார்.

அம்மா கோழி அடித்துக் குழம்பு வைத்தாள். மாமா இலையில் கைவைக்கவில்லை. வயிறு சரியில்லை என்றார். மழையினூடே விமானம் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். பெரிய ஆள் ஆனதும் எங்கள் சாப்பாடு பிடிக்கவில்லை போலும் என்று நினைத்துக்கொண்டேன். அதிலும் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

மறுநாள் காலையில் தந்தி வந்தது. விமானம் கொச்சியில் பத்திரமாக இறங்கிவிட்டது. மாமா அதை மூன்று தடவை படித்தார். பிறகு உட்கார்ந்து, மீந்த குழம்பைப் பழைய சோற்றில் ஊற்றி, அம்மா போடப் போடச் சாப்பிட்டார்.

நான் பக்கத்தில் உட்கார்ந்து, "அந்த நோட்டுல ஒங்க பேர எதுக்கு மாமா எழுதச் சொன்னாக?" என்று கேட்டேன்.

"யார் தச்சதுன்னு தெரியணும்ல தாயி" என்றார், சோற்றிலிருந்து தலையை நிமிர்த்தாமல்.

பள்ளிக்கூடத்துக்கு ஓடிப்போய் எல்லோரிடமும் சொன்னேன். எங்கள் மாமா தைத்தார் என்பது உலகத்துக்குத் தெரியவேண்டும் என்று அந்த வெள்ளைக்காரர்கள் அவர் பெயரை எழுதி வைத்திருக்கிறார்கள் என்று. என்ன நடந்தால் அந்த நோட்டைத் திறந்து அந்தப் பெயரைத் தேடுவார்கள் என்று நான் யோசிக்கவே இல்லை.