இறால் அறையில் ஒரு சர்வதேசப் போட்டி

1. ஆணை

"மூணாம் நம்பர் ரூமைக் காலி பண்ணு முருகேசு. பிள்ளைங்க விளையாட வராங்க."

எங்கள் பர்மிய எஞ்சினியர் ஊ தான் மவுங் இப்படிச் சொன்ன காலையில், மூன்றாம் நம்பர் அறையில் இறால் இருந்தது. அறையின் உள்வெப்பம் பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு டிகிரி. பிள்ளைகள் விளையாடும் இடம் அல்ல.

"எந்தப் பிள்ளைங்க சயா?"

"தூதரகத்துப் பிள்ளைங்க. மேலிடத்துக் கடிதாசி வந்திருக்கு. கேள்வி கேக்காதே."

சயா என்றால் பர்மியத்தில் ஐயா. ஆனால் சயா நன்றாகத் தமிழ் பேசுவார். பர்மியத்தில் பேச ஆரம்பித்தால் கோபம் வந்துவிட்டது என்று அர்த்தம். அதற்குள் நான் இறால் பெட்டிகளை நகர்த்தத் தொடங்கிவிட்டேன்.

அறுபதுகளின் நடுவில் நடந்தது இது. ரங்கூனில் லான்மடாவ் பேட்டையின் ஆற்றங்கரையில் இருந்த ஓர் ஐஸ் ஃபாக்டரியில் நான் அம்மோனியா ஆபரேட்டர். கம்ப்ரஸரைக் கவனிப்பது, காயிலில் உறைபனி ஏறினால் டிஃப்ராஸ்ட் பண்ணுவது, கேனிலிருந்து ஐஸ் பாளத்தைக் கழற்றுவது என் வேலை. வயது இருபத்து மூன்று. அதற்கு முன்னும் பின்னும் எந்த வேலையிலும் என் கால் நாலு வருஷம் தரித்ததில்லை. இந்த ஃபாக்டரியில் மட்டும் ஏழு வருஷம் இருந்தேன். வெளியே ரங்கூன் வெயில் தார் ரோட்டை இளக்கிக்கொண்டிருக்கும்போது, ஒரு கதவைத் திறந்து குளிர்காலத்துக்குள் நடந்து போகிற வேலை வேறு எங்கே கிடைக்கும்? இரும்புக் கதவுக்கு இந்தப் பக்கம் சித்திரை, அந்தப் பக்கம் எனக்குப் பெயர் தெரியாத ஒரு மாதம்.

மறுநாள் லாங் துரை வந்தார். வருஷத்தில் ஐந்து மாதம் பனி விழும் ஒரு நாட்டின் தூதரகத்தில் அதிகாரி. ஆறடிக்கு மேல் உயரம், கையில் ஒரு டைப் அடித்த காகிதம். அதன் தலைப்பு: சர்வதேச இளையோர் கர்லிங் தகுதிப் போட்டி.

கர்லிங் என்பது அவர்கள் ஊர் விளையாட்டு. நீளமான ஐஸ் தரையின் ஒரு முனையிலிருந்து கைப்பிடி வைத்த கல்லைச் சறுக்கி விட வேண்டும். மறுமுனையில் ஒரு வட்டம். வட்டத்தின் நடுப்புள்ளிக்கு யாருடைய கல் கிட்டே நிற்கிறதோ அவர்களுக்குப் புள்ளி. கல் ஓடும்போது அதற்கு முன்னால் இரண்டு பேர் துடைப்பத்தால் வேகமாகப் பெருக்கிக்கொண்டே போவார்கள். பெருக்கினால் கல் இன்னும் கொஞ்சம் தூரம் போகும்.

ஜனவரியில் சிம்லாவில், ஆசிய நகரங்களில் இருக்கும் தூதரகப் பிள்ளைகளும் அவர்களோடு படிக்கும் பிள்ளைகளும் ஆடப்போகிறார்களாம். பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்கள். ஊருக்கு ஓர் அணி. ரங்கூனில் இரண்டு அணி சேர்ந்துவிட்டது. எது போவது என்று முடிவாக வேண்டும். எட்டுப் பிள்ளைகளுக்கு நாலு நாடு. எனவே சர்வதேசம்.

"கல்லு?" என்றார் சயா.

கல் இல்லை. லாங் துரையின் ஊரில் சின்னப் பிள்ளைகள் ஜாம் டின்னில்தான் ஆடுவார்களாம். பதினாறு பெரிய டின் வந்தது. எங்கள் ஃபிட்டர் அவற்றில் சிமெண்ட் ஊற்றி, இரும்புக் கம்பியை வளைத்துக் கைப்பிடி வைத்தார். எட்டு டின்னுக்குச் சிவப்புப் பெயிண்ட், எட்டுக்குப் பச்சை. துடைப்பம் எங்கள் ஃபாக்டரி ஈர்க்கு விளக்குமாறு.

2. கண்ணாடி

எழுபது அடி அறையில் ஐஸ் தரை போடுவதற்கு யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டேன். ஓர் அடுக்கு இறுகியதும் அடுத்தது. பதினாலு அடுக்கு. மேலே காயிலிலிருந்து சொட்டியது முத்து முத்தாகத் தரையில் உறைந்து கிடந்தது. அதை உட்கார்ந்து சீவினேன். கடைசியில் வெந்நீரில் நனைத்த சாக்கை இழுத்து மெருகு போட்டேன். மூன்றாம் நாள் குனிந்தால் என் முகம் தெரிந்தது, மூக்கின் வியர்வை உட்பட. அந்தக் குளிரிலும் வியர்த்தது.

எனக்கு அதன் மேல் காதலே வந்துவிட்டது. விளக்கொளி அதில் விழுந்து உடையாமல் அப்படியே கிடந்தது. சயாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நின்றே பார்த்தார்.

பிள்ளைகள் வந்தார்கள். சிவப்பு அணிக்குத் துரையின் மகன் ராபி கேப்டன். பதிமூன்று வயது, காது மட்டும் சிவந்த வெள்ளைப் பையன். ரங்கூனில் வளர்ந்ததால் பர்மியம் சந்தைக்காரன் மாதிரி பேசுவான். பச்சை அணிக்குக் கேப்டன் ஒரு தமிழ்ப் பெண், ஸ்டெல்லா. தூதரகத்தில் டைப்பிஸ்டாக இருந்த சூசை அண்ணனின் மகள். பதினாலு வயது. அப்பாவின் கோட்டு முழங்காலுக்குக் கீழே தொங்க, கைக்குக் காலுறையை மாட்டிக்கொண்டு வந்தாள். வீட்டில் கேரம் ஆடி ஆடிக் கோணம் பிடிபட்டிருந்ததால் அவளைக் கேப்டன் ஆக்கியிருந்தார்கள்.

ராபி முதல் டின்னை விட்டான். பத்தடி போய், சப்பணம் போட்டு உட்கார்ந்த மாதிரி நின்றுவிட்டது. மறுபடி விட்டான். பன்னிரண்டு அடி.

லாங் துரை மண்டியிட்டுத் தரையைத் தடவினார். பிறகு என்னைப் பார்த்து மிகவும் மரியாதையாகச் சொன்னார்: "இவ்வளவு நல்ல ஐஸ் நான் பார்த்ததே இல்லை. இதில் ஆட முடியாது."

சூசை அண்ணன் அதைத் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் சயா பர்மியத்தில் ஆரம்பித்துவிட்டார்.

அப்போதுதான் ஸ்டெல்லா ஓரத்திலிருந்து கூப்பிட்டாள். "அண்ணே, இங்க வாங்க. இந்த மூலையில மட்டும் ஓடுது."

மூலையில், நான் சீவ மறந்த இடத்தில், காயில் சொட்டிய முத்துகள் இருந்தன. டின் அவற்றின் தலைமேல் ஏறிச் சுலபமாகப் போயிற்று. கேரம் பலகைக்குப் பவுடர் போடுகிற மாதிரிதான். வழவழப்பு ஒட்டிக்கொள்ளும்; சின்னச் சொரசொரப்பு விட்டுக்கொடுக்கும். துரை தலையை ஆட்டினார். அவர்கள் ஊரிலும் கடைசியில் தண்ணீர் தெளிப்பார்களாம். அதைச் சொல்ல மறந்துவிட்டார்.

வாசலில் செடிக்கு ஊற்றும் பூவாளியில் வெந்நீர் பிடித்து, மூன்று நாள் மெருகு போட்ட என் கண்ணாடிமேல் நானே அம்மை வார்த்தேன். டின் எழுபது அடியும் ஓடியது.

3. சூசை அண்ணன்

போட்டிக்கு முந்தின நாள் மத்தியானம், கம்ப்ரஸர் ஹாலுக்குச் சூசை அண்ணன் வந்தார். அந்தச் சத்தத்தில் ரகசியம் பேசுவதற்குக் கத்த வேண்டும்.

"முருகேசு! நாளைக்கு நம்ம புள்ள ஜெயிக்கணும்!"

"ஜெயிக்கட்டும்ணே!"

"உனக்குத் தெரியுமில்ல, இவ அம்மாவும் தம்பியும் திருச்சியில இருக்காங்க!"

தெரியும். அவர்கள் கப்பலேறி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. நாட்டைவிட்டுப் போக அனுமதி கேட்டு நாலு பேருக்கும் சேர்த்துத்தான் விண்ணப்பம் போட்டார்கள். இரண்டு பேருக்குக் காகிதம் வந்தது, இரண்டு பேருக்கு வரவில்லை. ஏன் என்று கேட்க சர்க்கார் ஆபீசில் ஒரு ஜன்னல் இருந்தது. அந்த ஜன்னல் முன்னால் அண்ணன் நின்ற நாட்களைச் சேர்த்தால் திருச்சிக்கு நடந்தே போயிருக்கலாம்.

சிம்லா போகும் அணிக்கு, வெளியே போகும் காகிதத்தைத் தூதரகமே வாங்கித் தரும். அணி ஜெயித்தால் ஸ்டெல்லா இந்தியாவுக்குள் காலை வைத்துவிடுவாள். தோற்றால் மறுபடி ஜன்னல்.

"ஐஸ் போடுறவன் நீ. எங்க ஓடும், எங்க நிக்கும்னு உனக்குத் தெரியும். கொஞ்சம் பாத்துச் செய்யி."

"ரெண்டு பேரும் ஒரே தரையிலதானேண்ணே ஆடுறாங்க. ஒருத்தருக்கு மட்டும் எப்படி ஓட வைக்க?"

"அது என்னமோ. நான் டைப் அடிக்கிறவன். எனக்கு எப்படித் தெரியும்?"

அவர் முகத்தைப் பார்க்காமல் எண்ணெய்க் கேஜைப் பார்த்தேன். அது சரியாகத்தான் இருந்தது.

4. கடைசி டின்

மறுநாள் காலை பத்து மணி. அறையைப் பூஜ்யத்துக்குக் கீழே நாலு டிகிரிக்குக் கொண்டுவந்திருந்தேன். அதற்கு மேல் சூடானால் முத்து இளகும். சயா பர்மியக் கைலியான லொஞ்சிக்கு மேல் இரண்டு கம்பளி சுற்றி ஒரு பீப்பாய்மேல் உட்கார்ந்திருந்தார். லபெயே என்கிற பர்மிய டீ கொண்டுவந்து வைத்தார்கள். இரண்டு வாய் குடிப்பதற்குள் ஆடை கட்டிவிட்டது. பிள்ளைகளின் மூச்சு அறை முழுக்கப் புகையாக நின்றது.

பச்சை அணி பெருக்கிய வேகத்தில் விளக்குமாற்று ஈர்க்கு தெறித்தது. சூசை அண்ணன் என் பக்கத்தில் முணுமுணுத்தார். "கான்வென்டுல சேத்தா, கடைசியில பெருக்கத்தான் விட்டாங்க." சிரிக்கத்தான் சொன்னார். பல் கிட்டிக்கொண்டிருந்தது.

விரல் மரத்துப்போகும் என்பதால் நாலு சுற்றுதான். மூன்று சுற்று முடிந்தபோது இரண்டு பக்கமும் மும்மூன்று புள்ளி. நாலாவது சுற்றில் பதினைந்து டின் போயிற்று. ராபியின் சிவப்பு டின் ஒன்று நடுப்புள்ளிக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது. மிச்சம் ஒரே டின். பச்சை. ஸ்டெல்லாவுடையது.

அவள் காலுறையைக் கழற்றி வெறுங்கையால் கைப்பிடியைப் பிடித்தாள். கேரம் ஆடுகிறவள் விரலால்தான் யோசிப்பாள். விட்டாள். டின் மெதுவாக, அவசரமே இல்லாமல், ஆற்றில் எதிர்க்கரைக்குப் போகும் சம்பான் படகு மாதிரி போயிற்று. "பெருக்கு, பெருக்கு!" என்று அண்ணன் கத்தினார். நடுப்புள்ளிக்கு மறுபுறம், அதே ஒரு சாணில், நின்றது.

இரண்டு கேப்டனும் குனிந்து பார்த்தார்கள். இருவருக்கும் தெரியவில்லை.

லாங் துரை சொன்னார்: "கேப்டன்கள் இருவரும் ஒத்துக்கொண்டால்தான் கணக்கு. முடியாவிட்டால் மூன்றாமவர் அளப்பார். என் மகன் ஆடுகிறான், நான் அளக்கக் கூடாது. ஐஸ் போட்டவர் அளக்கட்டும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வட்டத்துக்குள் அளப்பவனும் இரண்டு கேப்டன்களும் மட்டும்தான் இருக்கலாம். ஃபிட்டரிடமிருந்து ஒரு தேக்குச் சட்டம் வாங்கினேன். ஒரு முனையில் ஆணி. ஆணியை நடுப்புள்ளியில் ஊன்றிச் சட்டத்தைச் சுற்ற வேண்டும். பச்சை டின்னுக்கு மட்டாகச் சட்டத்தை வெட்டி வைத்துக்கொண்டேன். அதன் முனை பச்சையின் பெயிண்டைத் தொட்டும் தொடாமலும் இருந்தது. இனி சிவப்பின் பக்கம் சுற்ற வேண்டும். சட்டம் தடங்கலில்லாமல் கடந்து போனால் பச்சை கிட்டே. உரசினால் சிவப்பு கிட்டே.

சுற்றினேன்.

உரசியது. வித்தியாசம் ஒரு ஹாக்ஸா பிளேடு கனம் இருக்கும். மெல்லிய ஒரு சத்தம், எலி பல்லைக் கடிப்பது போல. ஸ்டெல்லா கண்ணை மூடி உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு எதிரே ராபி குந்தியிருந்தான். நான் அவனைப் பார்க்கவில்லை. சட்டத்தையே பார்த்தேன். அதைத் தூக்கினேன்.

"பச்சை," என்றேன்.

ராபி எழுந்தான். கையுறையைக் கழற்றி ஸ்டெல்லாவிடம் கையை நீட்டினான். துரை கம்பளிக் கையுறையோடு கை தட்டினார்; சத்தமே வரவில்லை. யாரும் மறுபடி அளக்கச் சொல்லவில்லை. அவர்கள் விளையாட்டில் அளந்தவனைச் சந்தேகப்படுவது கிடையாதாம். அந்த வழக்கம் முன்பே தெரிந்திருந்தால் இன்னும் பயந்திருப்பேன்.

சாயங்காலம் இறாலைத் திரும்ப மூன்றாம் நம்பர் அறையில் அடுக்கினேன்.

5. சிவப்பு

காகிதம் வந்தது. நாலு பேர் சிம்லா போனார்கள். ரங்கூன் அணி எல்லாரிடமும் தோற்றது. மூன்று பேர் திரும்பி வந்தார்கள். ஸ்டெல்லா டெல்லியிலிருந்து ரயிலேறித் திருச்சி போய்விட்டாள். லாங் துரை அதற்கு விளக்கம் எழுத வேண்டியிருந்தது. அதை டைப் அடித்தவர் சூசை அண்ணன்தான். ஒரு பிழைகூட இல்லாமல் அடித்ததாக என்னிடம் சொன்னார். ஜன்னலுக்கு அவர் தனியாகப் போய் வந்துகொண்டிருந்தார்.

எனக்குத் தூக்கம் கெட்டது என்று சொல்ல மாட்டேன். ஒரு பெண்ணுக்குக் காகிதம் வாங்கித் தந்தவன் நான் என்று உள்ளுக்குள் ஒரு மிதப்பு இருந்தது. ஐஸ் பாளத்தைத் தூக்கும்போதெல்லாம் அது கொஞ்சம் லேசாக இருப்பதாகத் தோன்றியது.

சில மாதம் கழித்துத் துரைக்கு மாற்றல். சயாவிடம் விடைபெற வந்தார். அவர்கள் ஆபீசில் பேசிக்கொண்டிருக்கும்போது ராபி பின்கட்டுக்கு வந்து, நான் கேன் கழற்றுவதை வேடிக்கை பார்த்தான். பிறகு பர்மியத்தில் சொன்னான்.

"அன்னிக்குச் சிவப்பு உரசுச்சு. எனக்குக் கேட்டுச்சு."

கேன் என் கையில் இருந்தது. மெதுவாகக் கீழே வைத்தேன்.

"அப்ப ஏன் சொல்லல?"

"நீங்கதான் என்னைப் பாக்கவே இல்லையே." கொஞ்சம் கோபமாகவே சொன்னான். "பாத்திருந்தா தலையாட்டியிருப்பேன். நான் பாட்டுக்குக் கை குடுத்தேன். கேப்டன் கை குடுத்தா ஒத்துக்கிட்டதா அர்த்தம். இல்லாட்டி நீங்க பச்சைன்னு சொன்னது செல்லாது."

"ஏன் குடுத்தே?"

தோளைக் குலுக்கினான். "அவளுக்கு அங்க அம்மா இருக்காங்க. எனக்கு அங்க என்ன, சறுக்கலாம். அவ்வளவுதான்." அப்புறம், "உங்க பூவாளி வேலை நல்லா இருந்துச்சு," என்றான், பெரிய மனுஷன் மாதிரி. துரை கூப்பிட்டார். போய்விட்டான்.

எனக்கு இப்போது ஐம்பது தாண்டிவிட்டது. ரங்கூனுக்கு ஆற்றின் அந்தப் பக்கம் தன்லியினில் ஓர் ஆலையில் வேலை. புதிதாகச் சேருகிறவர்கள், அளவு எடுப்பதைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்கிறார்கள். கருவியைத் துடைத்து வையுங்கள், இரண்டு தரம் அளந்து பாருங்கள் என்று சொல்லலாம். அது புத்தகத்திலேயே இருக்கிறது. நான் சொல்வது ஒன்றுதான். அளக்கும்போது எதிர்த் தரப்பு ஆளைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். அளந்து முடித்ததும், வாயைத் திறப்பதற்கு முன், அவன் முகத்தை ஒரு தரம் பாருங்கள். சரியாக அளந்திருந்தால் அதனால் நஷ்டமில்லை. தப்பாகச் சொல்லப்போகிறீர்கள் என்றால், அந்தத் தப்பில் பாதியை அவன் சுமக்கப்போகிறான். அவனிடம் கேட்க வேண்டாமா?