காற்றை இரண்டால் பெருக்கியவர்

மொட்டைமாடியிலிருந்து இறங்கும்போதே சிங்காரவேலுவின் உதடுகள் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும். குத்தாலம் கடைத்தெருவில் உரக்கடை, மேலே வீடு, அதற்கும் மேலே அவருடைய வானிலைக் கருவி. காற்றை அளக்கச் சுழலும் மூன்று கிண்ணங்களில் ஒன்றைக் குரங்கு பிடுங்கிக்கொண்டு போய்விட்டது. அதனால் காற்றை இரண்டால் பெருக்குவார். பக்கத்து ஓட்டலின் புகைபோக்கி வெப்பமானியைப் பார்த்து ஊதுவதால் வெயிலில் நாலு டிகிரி கழிப்பார்.

"பொய்தான் சொல்லும். ஆனா தெனம் ஒரே மாதிரி பொய்ங்க. நமக்கு அது போதும்" என்பார்.

பூச்சிமருந்து வாங்க வருகிறவர்கள், "இன்னைக்கு அடிக்கலாமாண்ணே?" என்று அவரைக் கேட்காமல் போவதில்லை. கண்ணை மூடிப் பெருக்கிக் கழித்துவிட்டுத்தான் பதில் சொல்வார். பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

ஐப்பசியில், சிங்கப்பூரிலிருந்து விடுமுறைக்கு வந்த மகன் ராஜ்குமார் பழையதைக் கழற்றிவிட்டுப் புதுக்கருவியை மாட்டினான். எல்லாம் செல்போனிலேயே தெரியும். சிங்காரவேலுவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. மகன் விமானம் ஏறிய அன்றே எதிர்வீட்டு மங்களாம்பிகை கடைக்கு வந்தாள். மறுநாள் பேத்திக்குக் காதுகுத்து. வாசலில் பந்தல் போட்டாயிற்று.

"பந்தல் தாங்குமா தம்பி?"

போனைப் பார்த்தார். உதடுகள் அசைந்தன. "நாப்பத்தாறு கிலோமீட்டர் வேகத்துல அடிக்குது. ராத்திரி இன்னும் ஏறும். பிரிச்சிடுங்கக்கா."

"மரம் ஒண்ணும் பெருசா ஆடலியே?"

"கீழ அப்படித்தான் தெரியும். மேல புடிச்சிருச்சு."

பந்தல் இறங்கியது. செய்தி பரவி, கடைத்தெருவில் படுதாக்கள் சுருண்டன. கொல்லைகளில் வாழைக்கு முட்டுக் கொடுத்தார்கள்.

விடிந்தபோது வானம் துடைத்துவைத்தது போலிருந்தது. ஓர் இலை அசையவில்லை. காப்பியை நீட்டிய மனைவி விஜயலட்சுமி நிதானமாகக் கேட்டாள்: "பழசுல ஒரு கிண்ணம் இல்லேன்னு பெருக்கினீங்க. சரி. இதுலதான் மூணும் இருக்கே?"

சிங்காரவேலு தம்ளரைக் கீழே வைத்தார். "இத ஏன் நேத்தே சொல்லல?"

"நீங்க எங்க என்னைக் கேட்டீங்க?"

காப்பி அப்படியே ஆறியது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனார். பந்தல்காரர் பிரித்ததை ஓரமாகப் போட்டுவிட்டு வேறு ஊர் வேலைக்குப் போய்விட்டிருந்தார். வாசல் வெயிலில் நாற்காலிகள் காய்ந்துகொண்டிருந்தன.

"வாங்க தம்பி. புயல் கரையக் கடந்துடுச்சா?" என்றாள் மங்களாம்பிகை.

சிங்காரவேலு ஏணியை எடுத்துப் போட்டார். உறவுக்காரர்கள் கீழே கம்பைப் பிடிக்க, மேலே நின்று கயிறு கட்டினார். காது குத்தும் நேரம் நெருங்கியது. பொற்கொல்லர் வந்து உட்கார்ந்துவிட்டார்.

"பந்தி முடியறவரைக்கும் ஒண்ணும் வராதுல்ல?" என்று மங்களாம்பிகை அண்ணாந்து கேட்டாள். இந்த முறை அவள் குரலில் கேலி இல்லை.

ஏணியில் நின்றபடியே போனை எடுத்துப் பார்த்தார். "மழை இல்லக்கா. காத்து ஆறு. ரெண்டால..." என்று ஆரம்பித்து வாயை மூடிக்கொண்டார். "ஆறுதான். வெறும் ஆறு. ஒண்ணும் வராது, தைரியமா இலை போடுங்க."

போனைப் பைக்குள் போட்டுவிட்டு, கட்டிமுடித்த முடிச்சின் மேலேயே இன்னொரு முடிச்சைப் போட்டு இறுக்கினார்.