காலைக் கையெழுத்து

இரத்தத்தில் அமோனியா எவ்வளவு என்று இப்போது எண்ணாகவே தெரிந்துவிடுகிறது. எடுத்த இரத்தத்தைப் பனிக்கட்டியில் வைத்து உடனே ஆய்வகத்துக்கு ஓடு என்று இளம் நர்சுகளை நானே விரட்டியிருக்கிறேன். தாமதித்தால் எண் பொய் சொல்லும். நான் வேலைக்குச் சேர்ந்தபோது, பாறசாலைப் பக்கத்துச் சிறிய ஆஸ்பத்திரியில், அந்தச் சோதனையே கிடையாது. ஈரல் கெட்டால் குடலில் ஊறும் அமோனியா தலைக்கு ஏறும், கையெழுத்து அதைச் சீக்கிரமே காட்டிக்கொடுக்கும் என்று டாக்டர் சொல்லித்தந்திருந்தார். தினமும் காலையில் நோயாளியைக் கையெழுத்துப் போடச் சொல்ல வேண்டும். கோணினால் ஆபத்து.

எல்லைப் போராட்டம் சூடாக இருந்த நேரம். எங்கள் பகுதி தமிழகத்தோடு சேர வேண்டும் என்று ஒரு கூட்டம், கூடாது என்று இன்னொரு கூட்டம், வீடு வீடாகக் கையெழுத்து வாங்கி அலைந்தது. போட்டவரைத் தேடிப் போலீஸ் வரும் என்ற பயமும் இருந்தது. அப்போதுதான் உதியன்குளங்கரையிலிருந்து ஓய்வுபெற்ற சர்க்கார் குமாஸ்தா ஒருவரைக் கொண்டுவந்தார்கள். சைவக் குடும்பம். கண்ணெல்லாம் மஞ்சள், வயிறு வீக்கம். நான் வெற்றுத்தாளை நீட்டியதுமே அவர் மனைவி அதைப் பறித்துக்கொண்டு, யாருக்காக வாங்குகிறாய், மேலே என்ன எழுதிக்கொள்வாய் என்று கேட்டார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் விட்டுவிட மனமில்லை. அந்த மனிதர் மயக்கத்துக்குள் போவதை முன்கூட்டி அறிய என்னிடம் இருந்தது அந்தத் தாள்தான்.

"தாளு உங்க கையிலயே இருக்கட்டும் அம்மா. காலத்த விடிஞ்சதும் நீங்களே போடச் சொல்லுங்க. எனக்குக் காட்டினா மட்டும் போதும்" என்றேன்.

அதற்கு ஒப்பினார். தாள்களை முந்தியில் முடிந்துகொண்டார்.

நான்காம் நாள் காலை வார்டுக்குள் நுழையும்போதே இரண்டு தாள்களோடு எதிரே வந்தார். "எனக்கு எழுத்து தெரியாது மக்கா. ஆனா அவியளுக்க கையெழுத்து தெரியும். இது அது இல்ல."

அன்றைய தாளில் எழுத்துகள் சரிந்து, கடைசி எழுத்து வராமலே நின்றிருந்தது. நோயாளியைக் கைகளை நீட்டச் சொன்னேன். மணிக்கட்டு விட்டுவிட்டு மடங்கியது; அமோனியா தலைக்கு ஏறியதற்கு அதுவும் அடையாளம். என்ன சாப்பாடு கொடுத்தீர்கள் என்று அந்த அம்மாவிடம் கேட்டேன். நான் சொன்னபடி முட்டை, மீன், இறைச்சி எதுவும் இல்லையாம். அதெல்லாம் அவர்கள் வீட்டில் என்றுமே கிடையாதாம். உடம்பு தேறட்டும் என்று மூன்று வேளையும் பயறு குழைத்த கஞ்சியும் சுண்டக் காய்ச்சிய பாலும்தான் கொடுத்தாராம். எனக்கு வெட்கமாகிவிட்டது. எங்கள் வேதக்காரக் கிறிஸ்தவர் அடுக்களையை மனதில் வைத்துக்கொண்டு சைவ வீட்டாருக்குப் பத்தியம் சொல்லியிருக்கிறேன். புரதம்தான் குடலில் அமோனியாவாகும் என்பதால் அந்தக் கால வைத்தியத்தில் பயறும் பாலும்கூட விலக்கு. தப்பு என்னுடையதுதான் என்று டாக்டரிடமும் அந்த அம்மாவிடமும் சொன்னேன்.

எனிமா கொடுத்துக் குடலைச் சுத்தம் செய்தோம். குளுக்கோஸ் தண்ணீரும் கஞ்சித் தெளிவும் மட்டும் கொடுத்தோம். இரண்டு நாள் அவர் தன் மனைவியையே யாரோ போலப் பார்த்தார். டூட்டி முடிந்தும் நான் வீட்டுக்குப் போகவில்லை. இவரைப் போகவிட மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். மூன்றாம் நாள் பேனாவைப் பிடித்தார். எழுத்து கோணல்தான். ஆனால் கடைசி எழுத்து இருந்தது.

வீட்டுக்குப் புறப்பட்ட அன்று அந்த அம்மா முந்தியை அவிழ்த்து, ஒரே ஒரு தாளை என் கையில் வைத்தார். "இது உனக்கு ஆக்கும், மக்கா."

அன்று காலை போட்ட கையெழுத்து. நேராக, முழுதாக இருந்தது. அதற்கு மேலே தாள் வெறுமையாகவே இருந்தது.