ஹேண்ட் பிரேக் விளக்கு

காரை நிறுத்தினால் ஹேண்ட் பிரேக்கை இழுக்க வேண்டும் என்பது சட்டம். எங்கள் கடற்கரை ஊர்களில் அதை யாரும் பெரிதாக எடுப்பதில்லை. உப்புக்காற்றில் கேபிள் துருவேறிக் கிடக்கும். இரவு இழுத்துவிட்டால் காலையில் இறங்காது, பின்சில்லு இறுகி நிற்கும். அதனால் காரை நிறுத்திவிட்டுச் சில்லுக்கு ஒரு தேங்காய் மட்டையை முட்டுக்கொடுப்போம். எங்கள் பெரியகல்லாற்றில் கார் நிற்கிற வீடு எது என்பதை வாசல் படலையடியில் நசிந்து கிடக்கிற மட்டையைப் பார்த்தே சொல்லிவிடலாம். நான் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் படிப்பிக்கிறவன். ஆனாலும் என் காருக்கும் மட்டைதான்.

சுனாமி வந்த காலையிலும் மட்டைதான் கொடுத்திருந்தேன். வீட்டில் நானும் மனைவியும் மட்டும். வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் இருக்கிற அவளுடைய அக்கா வீட்டுக்குப் போகப் புறப்பட்டிருந்தோம். அவள் முன்சீற்றில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். நான் எஞ்சினை ஸ்டார்ட் செய்தேன். பின்கதவைப் பூட்டினேனா என்று அப்போதுதான் ஒரு சந்தேகம் வந்தது. எஞ்சின் ஓடட்டும் என்று விட்டுவிட்டு வீட்டுக்குள் ஓடினேன். கதவு பூட்டித்தான் இருந்தது. திரும்புவதற்குள் வீட்டு வளவுக்குள் கடல் நின்றது. நான் கூரை மரத்தைப் பிடித்துத் தொங்கித் தப்பினேன். கார் மட்டையைத் தள்ளி, படலையைப் பிடுங்கி, அவளோடு தெருவைத் தாண்டி வாவிக்கரைப் பக்கம் போய் இரண்டு தென்னைகளுக்கு நடுவே செருகிக்கொண்டது. தண்ணீர் வற்றியபோது ஆட்கள் கண்ணாடியை உடைத்து அவளை இழுத்தெடுத்தார்கள். நான் அவளை உயிரோடு கண்டது அன்று பின்னேரம், ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில்.

காரை இரும்புக்குப் போட்டுவிடலாம் என்றேன். அவள் விடவில்லை. ஏன் என்றும் சொல்லவில்லை. எஞ்சினைக் கழற்றி, கழுவி, வயர்களை மாற்றி அது ஓடத் தொடங்க மாதக்கணக்கானது. முதற்பயணமாகக் களுதாவளைப் பிள்ளையார் கோயிலுக்குப் போனோம். கோயில் முன்னால் நிறுத்திவிட்டு நான் மட்டையைத் தேட, அவள் சொன்னாள்:

"இஞ்சருங்க, ஹேண்ட் பிரேக்க இழுங்க. அந்தச் சிவப்பு லைட் எரியட்டும். அதுக்குப் பிறகு இறங்குங்க."

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதுதான் சட்டம். டாஷ்போர்டில் அந்த விளக்கு எரியாமல் நிற்கிற காருக்குள் அவள் ஒரு நிமிஷமும் இருக்க மாட்டாள்.

எனக்கு அது சுள்ளென்று குத்தும். அன்று பிரேக்கை இழுத்திருந்தால் கார் நின்றிருக்கும், நீ இழுக்கவில்லை என்று ஒவ்வொரு தடவையும் சொல்லிக் காட்டுகிறாள் என்றே எடுத்துக்கொண்டேன். வாய்விட்டுச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். ஹேண்ட் பிரேக் பிடிப்பது இரண்டு பின்சில்லுகளைத்தான். மிதக்கிற காருக்குச் சில்லைப் பிடித்து என்ன பயன். கடலின் நிறை என்ன, காரின் நிறை என்ன. ஒரு பாடமே மனதில் ஆயத்தமாக இருந்தது. ஐந்து வருஷமாக அந்தப் பாடத்தை நடத்த எனக்குச் சந்தர்ப்பம் கிடைக்கவில்லை.

அந்த வருஷங்களில் அக்காவும் அலைந்தாள். போரில் படுவான்கரையில் ஷெல் விழுந்தபோது அகதி முகாமுக்கு வந்து, பிறகு திரும்பி, கூரை இல்லாத வீட்டுக்குத் தகரம் போட்டு இருந்தாள். முகாமில் இருந்தபோது என் மனைவி அடிக்கடி போய்ப் பார்த்தாள். அக்கா திரும்பிப் போன பிறகு அதுவும் இல்லை. எங்களுக்கும் அவளுக்கும் நடுவே வாவி கிடந்தது. பாலம் என்றாலும் என் மனைவி வாவியைக் கடக்க மாட்டாள்.

சண்டை முழுதாக முடிந்த வருஷத்து மாரியில் அக்காவின் மகள் போனில் அழைத்தாள்.

"சித்தி, அம்மாவ ஆசுபத்திரியால வீட்ட அனுப்பிட்டாங்க. இனிச் செய்ய ஒண்டுமில்லையாம். உங்களத்தான் கேட்டுக்கொண்டு கிடக்கா. வாறதெண்டா சுணங்காம வாங்க."

பட்டிருப்புப் பாலத்தால் சுற்றிப் போகலாம். ஆனால் பழுகாமத்துக்கு அப்பால் வெள்ளம் வீதியை அறுத்திருந்தது, பஸ்ஸும் ஓடவில்லை. மிஞ்சியது பாதைதான். வேறு ஊர்க்காரர் பாதை என்றால் நடக்கிற வழி என்று நினைப்பார்கள். எங்களுக்கு அது வாவியைக் கடக்கிற மிதவை: இரண்டு தோணிகளைச் சேர்த்துப் பலகை அடித்தது, ஆட்களோடு ஒரு வாகனத்தையும் ஏற்றும். புதிதாக மாற்றமாகி வந்த பள்ளிக்கூட அதிபர் ஒருவர், "பாதை ஓடல்ல சேர்" என்று பிந்தி வந்த ஆசிரியர் சொன்னதைக் கேட்டு, பாதை எப்படி ஓடும் என்று விளக்கம் கேட்டுக் கடிதம் கொடுத்த கதை எங்கள் பக்கம் பிரசித்தம்.

மனைவி ஒரு நாள் முழுவதும் யோசித்தாள். பிறகு சொன்னாள்:

"வாறன். ஆனா அந்தப் பலகையில நிக்க என்னால ஏலா. காருக்குள்ள இருந்துதான் வருவன். லைட் எரியோணும்."

தண்ணீரில் அவளை இழுத்துக்கொண்டு போன அதே கார். அதற்குள் இருந்துதான் தண்ணீரைக் கடப்பாளாம். எனக்கு விளங்கவில்லை. வருகிறேன் என்றாளே, அது போதும் என்று இருந்துவிட்டேன்.

மறுநாள் காலை காரைக் கழுவித் துடைத்து ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் பார்த்தேன். விளக்கு எரியவில்லை. இறக்கி இழுத்தேன், குத்தி இழுத்தேன். எரியவில்லை. பட்ட காலிலே படும் என்பார்கள். எனக்கு அது ஹேண்ட் பிரேக்கில் பட்டது.

எட்டாம் வகுப்புக்கு இருபது வருஷமாக நான் கீறுகிற படம்தான் இது: ஒரு பற்றரி, ஒரு பல்ப், ஒரு சுவிச். பிடியின் அடியில் விரல் நுனி அளவில் ஒரு சுவிச் இருக்கும், அதற்கு ஒரே வயர். பிடி கீழே இருக்கும்போது சுவிச்சின் முளையை அமத்திக்கொண்டிருக்கும், விளக்கு எரியாது. பிடியை இழுத்தால் முளை வெளியே வரும், வயருக்குக் காரின் இரும்போடு தொடர்பு கிடைக்கும், விளக்கு எரியும். இரண்டு ஸ்குரூவைக் கழற்றி பிளாஸ்டிக் மூடியைத் தூக்கினேன். உள்ளே கடல் மண். எத்தனை தரம் கழுவிய கார், ஐந்து வருஷம் அந்த மண் அங்கே கிடந்திருக்கிறது. வயரைக் கழற்றி வெறும் இரும்பில் தொட்டேன். விளக்கு பளிச்சென்று எரிந்தது. பல்ப் சரி, வயர் சரி, சுவிச்தான் செத்துவிட்டது. முளை உள்ளே போனபடி துருவேறி இறுகியிருந்தது. மண்ணெண்ணெய் விட்டுத் தட்டினேன். இரண்டு தரம் வெளியே வந்தது. மூன்றாம் தரம் உள்ளே ஸ்பிரிங் முறிகிற சத்தம் கேட்டது.

அப்போது எனக்கு ஒரு குறுக்குப் புத்தி வந்தது. அந்த வயரை இரும்பு ஆணி ஒன்றில் முறுக்கிவிட்டேன். விளக்கு எரிந்தது. மூடியைப் பூட்டி, "வா, லைட் எரியுது" என்று மனைவியைக் கூப்பிட்டேன். அவள் குனிந்து பார்த்தாள், பையை மடியில் வைத்துக்கொண்டு ஏறினாள். பிரதான வீதியில் ஏறி நூறு யார் தூரம் போயிருக்க மாட்டோம்.

"நிப்பாட்டுங்க."

நிறுத்தினேன்.

"காரும் ஓடுது, லைட்டும் எரியுது. மனிசன் பொய் சொன்னாப் பொறுக்கலாம். லைட்டையும் பொய் சொல்லப் பழக்கிட்டிங்களே."

கையும் களவுமாகப் பிடிபட்டவனுக்குக் கோபம்தான் முதலில் வரும். எனக்கும் வந்தது.

"அங்க உன்ர அக்கா சாகக் கிடக்கிறா. நீ இஞ்ச ஒரு லைட்டுக்குப் பறைஞ்சுகொண்டு நிக்கிறாய்!"

அவள் கதவைத் திறந்து இறங்கி, பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுப் பக்கம் நடந்தாள். நடக்கும்போது அழுகிறாள் என்று முதுகைப் பார்த்தே தெரிந்தது. அந்தச் சொல்லை இப்போது நினைத்தாலும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

காரைத் திருப்பி நேரே காத்தான்குடிக்கு விட்டேன். அங்கே பழைய வாகனச் சாமான் விற்கிற கடை ஒன்று இருந்தது. முதலாளி என் வயதுக்காரர். நாங்கள் அண்ணன் முறையில் நானா என்று கூப்பிடுவோம். அவருடைய குடும்பத்தில் கடல் ஆட்களைக் கொண்டுபோயிருந்தது. நான் கழற்றிக் கொடுத்த துருப்பிடித்த சுவிச்சைக் கையில் வைத்து உருட்டிப் பார்த்தார்.

"இது சுனாமியில நனைஞ்ச கார்தானே சேர்? இந்தச் சாமான் இப்ப வாறல்ல. கொழும்புக்குச் சொல்லிவிட்டாலும் ரெண்டு கிழமை போகும்."

"ரெண்டு கிழமை இல்ல நானா, ரெண்டு நாளும் இல்ல" என்றேன். நடந்த கதையைச் சொன்னேன், வயரை முறுக்கியதையும் மறைக்காமல். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்ன வேல பாத்திருக்கிங்க! பிரேக் எண்ணெய் குறைஞ்சாலும் அதே லைட்தானே எரியும்? எந்நேரமும் எரிஞ்சுகொண்டு கிடந்தா எண்ணெய் போறத எப்பிடிக் காண்ற? நீங்க புள்ளைகளுக்குப் படிப்பிக்கிற ஆளா?"

திட்டிக்கொண்டே ஒரு பெட்டியைக் கவிழ்த்துக் கிண்டினார். அதற்குள்ளிருந்து ஒரு சின்ன சுவிச்சை எடுத்து என் கையில் வைத்தார்.

"இது கதவு சுவிச். கதவத் துறந்தா உள்ளுக்க லைட் எரியுமே, அதுக்குரியது. அமத்தினா அணையும், விட்டா எரியும். உங்கட சுவிச்சுக்கும் இதுக்கும் ஒரே புத்திதான். ஆள்தான் வேற. கொண்டு போய்ப் போடுங்க, அல்லா காவல்."

இருபது வருஷம் படம் கீறியவனுக்கு இது தோன்றவில்லை. வீட்டுக்கு வந்து, ஒரு தகரத் துண்டை வளைத்து ஓட்டை போட்டு, சுவிச்சை அதில் பொருத்தி, பழையது இருந்த இடத்தில் இறுக்கினேன். பிடியை இழுத்தேன். எரியவில்லை. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகுதான் விளங்கியது, தகரத்துக்கும் இரும்புக்கும் நடுவே பெயின்டும் துருவும் இருக்கிறது, தொடர்பு இல்லை. கழற்றி, இரும்பு வெள்ளையாகத் தெரியும்வரை சுரண்டிவிட்டுத் திரும்பவும் இறுக்கினேன். எரிந்தது. இப்போது பிடியை இறக்கினால் அணையவில்லை! புதிய முளை கட்டை. பிடி அதை முழுதாக அமத்தவில்லை. பழைய செருப்பிலிருந்து ரப்பர் துண்டு ஒன்றை வெட்டிப் பிடியின் அடியில் ஒட்டினேன். இழுத்தால் எரிந்தது, இறக்கினால் அணைந்தது.

மனைவியைக் கூப்பிட்டேன். மன்னிப்புக் கேட்க எனக்கு வராது. "நீயே இழுத்துப் பார்" என்று மட்டும் சொன்னேன். அவள் சாரதி இருக்கையில் உட்கார்ந்து இழுத்தாள், இறக்கினாள், இழுத்தாள், இறக்கினாள். பத்துத் தரமாவது பார்த்திருப்பாள்.

"நாளைக்குப் போவம்" என்றாள்.

மறுநாள் துறையில் காற்று அதிகமாக இருந்தது. காரைப் பலகையில் ஏற்றி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, எஞ்சினை நிறுத்திவிட்டுச் சாவியைத் திருப்பி வைத்தேன், விளக்கு எரியட்டும் என்று. கூடவே டாஷ்போர்டில் எண்ணெய் விளக்கும் பற்றரி விளக்கும் எரிந்தன. அவளுக்கு இது ஒன்றுதான் கணக்கு. பாதைக்காரர் சில்லுகளுக்குக் கட்டை வைத்துவிட்டு வந்தார்.

"தங்கச்சி இறங்குங்க. வாகனத்துக்குள்ள ஆக்கள் இருக்கப்படாது."

"அவ இறங்க மாட்டா அண்ணன். நானும் உள்ளுக்கதான் இருக்கப் போறன்" என்றேன். அவர் அவளுடைய முகத்தைப் பார்த்தார், அதற்கு மேல் கேட்கவில்லை. கண்ணாடிகளை முழுதாக இறக்கச் சொன்னார்.

பாதை நகர்ந்தது. அவள் வெளியே பார்க்கவில்லை. கண்ணை மூடவும் இல்லை. விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். நடு வாவியில் ஒரு அலை வந்து பலகை சரிந்து நிமிர்ந்தபோது பேசினாள்.

"அண்டைக்கும் இது எரிஞ்சிது."

"எண்டைக்கு?"

"சுனாமி அண்டைக்கு. கார் அசையக்குள்ள நான்தான் இழுத்தன். உடன எரிஞ்சிது."

பிரேக் போட்டுத்தான் இருந்திருக்கிறது. "இழுத்துமா கார் போச்சுது?" என்று கேட்டேன்.

"போகாம? கடல் வந்தா பிரேக் என்ன செய்யும்? நீங்கதானே படிப்பிக்கிற ஆள்."

"பிறகேன் புள்ள இத்தின வருசமா லைட் லைட் எண்டு நிக்கிறாய்?"

அவள் விளக்கிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்.

"தண்ணி மடிக்கு வந்திட்டுது. வெளியில பாக்கப் பயம். அதுதான் இதையே பாத்துக்கொண்டு இருந்தன். இது எரியுமட்டும் நீங்க வீட்டுக்குள்ள கதவப் பூட்டிக்கொண்டு நிக்கிறிங்க, இப்ப வந்திருவிங்க எண்டு நினைச்சன். இது அணைஞ்சிது. அதுக்குப் பிறகு, நீங்க இல்ல எண்டு நினைச்சன்."

ஐந்து வருஷமாக நான் ஆயத்தமாக வைத்திருந்த பாடம் என்னிடமே கிடந்தது. நான் அவளுடைய கையைப் பிடித்தேன். அது குளிர்ந்து போயிருந்தது. பாதைக்காரர் கயிற்றை எறிந்து மறுகரையில் கட்டும்வரை அதை விடவில்லை.

கரையில் அக்காவின் மகள் நின்று இரண்டு கையையும் ஆட்டினாள். "சித்தி, அம்மா முழிச்சிருக்கா! கெதியா வாங்க!" என்று கத்தினாள். பாதைக்காரர் கட்டைகளை எடுத்துவிட்டு என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார். எஞ்சினை ஸ்டார்ட் செய்தேன். பிடியில் கையை வைத்தேன். இறக்க மனம் வரவில்லை.

"இறக்கட்டா?" என்று அவளைக் கேட்டேன்.

அவள் விளக்கைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"ஓம், இறக்குங்க" என்றாள்.