தர்ப்பைக் கட்டுக்குள் ஒரு பட்டாம்பூச்சி

சிங்கப்பூரில், குவீன்ஸ்டவுனில் எங்களுக்குப் புது வீடு கிடைத்தபோது எனக்குப் பத்து வயது. கிரகப்பிரவேசத்துக்கு முதல் நாள் மாலைதான், தர்ப்பை வாங்க மறந்தது அப்பாவுக்கு நினைவுக்கு வந்தது. சிராங்கூன் ரோட்டுக் கடைகளுக்குப் போய்வர நேரமில்லை. எங்கள் அடுக்குமாடி புளோக்குக்குப் பின்னால் லாலாங் புல் இடுப்புயரம் நின்றது.

"அதுவும் தர்ப்பைதான் லா. ஒரு பிடி அறுத்துட்டு வா" என்று அரிவாளை என்னிடம் நீட்டினார்.

என்னை நம்பி அரிவாள் கொடுத்த பெருமையில் ஒரு பிடியோடு என் கை நிற்கவில்லை. கண்ணில் பட்டதையெல்லாம் அறுத்தேன். அக்காவின் மூலையையும் விடவில்லை. அங்கே பச்சைப் புழுக்கள் புல்லிதழைச் சுருட்டி, பட்டு இழையால் தைத்து, உள்ளே குடியிருந்தன. அந்த இதழையே தின்று வளர்ந்தன. அக்கா தினமும் போய்ப் பார்ப்பாள். தொடக்கூடாது என்று என்னிடம் சொல்லியும் இருந்தாள். தெரிந்தேதான் அறுத்தேன். அங்கேதான் புல் நீளம்.

மறுநாள் காலை ஹோமத்தில், விரலில் போடும் பவித்திரத்தை முடிய ஐயர் ஓர் இதழை உருவினார். அது சுருண்டிருந்தது. நுனியில் ஏதோ அசைந்தது.

"சாமி, முறுக்காதீங்க!" அக்கா பாய்ந்து அவர் கையைப் பிடித்தாள்.

சுருளிலிருந்து முதலில் மீசை வந்தது. பிறகு கசங்கிய ஈரச் சிறகுகள்.

"சிறகு காயணும்பா! புகை பட்டா செத்துடும்!"

"நல்ல நேரம் போகுதுடி" என்றாள் அம்மா.

"நல்ல நேரத்துலதானே பொறந்திருக்கு? இருங்கம்மா" என்று ஐயர் நெருப்பைத் தணித்தார்.

அப்பா ஜன்னல்களைத் திறந்தார். நான் விசிறியால் புகையை விரட்டினேன். வந்தவர்கள் எல்லாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார்கள். ஆரஞ்சும் பழுப்புமாகச் சிறகுகள் மெல்ல விரிந்தன. முன்சிறகுகளைப் பாதி தூக்கி, பின்சிறகுகளைத் தட்டையாக வைத்து உட்கார்ந்திருந்தது. சட்டென்று ஒரு துள்ளல். ஜன்னலுக்கு வெளியே போய்விட்டது!

ஒரே கைதட்டல். "நான் அறுத்த கட்டு! நான் அறுத்த கட்டு!" என்று குதித்தேன்.

அக்கா கைதட்டவில்லை. மிச்சக் கட்டை மடியில் போட்டு, வாடிய இதழ்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். பறந்துபோனதற்கு முட்டையிட உயிருள்ள புல் வேண்டும், இன்னும் புழுவாகவே இருந்தவற்றுக்கு இனி இரை இல்லை என்பதெல்லாம் அவளுக்குத் தெரிந்திருந்தது. நானோ கூடத்தில் இருந்தவர்களையெல்லாம் கூவி அழைத்தேன்:

"வாங்க, வாங்க! அக்கா அடுத்ததை எடுக்கப் போறா!"