இடப்பக்கம் சாய்ந்த ப்ளோவர்

கர்க்லாண்டில் நாங்கள் கூலிக்குப் பனி அள்ளிய வீடுகள் பதினான்கு. என் கணவர் சின்ன ட்ராக்டரை ஓட்டுவார். அதன் முன்னால் பூட்டியிருந்த ஸ்னோ ப்ளோவர் வீட்டு வாசலுக்குப் போகும் கார்ப் பாதையின் பனியை வாரி விழுங்கி, குழாயால் புல்வெளிப் பக்கம் வீசும். வார நாட்களில் அவர் தனியாகத்தான் போவார். எனக்கு லவாலில் ஒரு கடையில் வேலை. சனிக்கிழமைகளில் மட்டும் கூடப் போய், வாசற்படிப் பனியைச் சவளால் அள்ளித் துப்புரவாக்குவேன்.

அப்படி ஒரு ஜனவரிச் சனிக்கிழமையில், வயதான ஒரு பிரெஞ்சுக்கார அம்மா பெரிய பூட்ஸைக் கொழுவிக்கொண்டு வெளியே வந்தார். "போன்ஜூர்" என்றது மட்டும்தான் எனக்கு விளங்கியது. ஆனால் அவர் கையைப் பலகைபோல நீட்டி ஒரு பக்கம் சரித்துக் காட்டியது விளங்கிவிட்டது. பாதையின் இடது கரையில் தார் கீறுப்படும் அளவுக்குச் சுரண்டியிருந்தது. வலது கரையில் இரண்டு விரல் உயரத்துக்குப் பனி அப்படியே கிடந்தது.

"ப்ளோவர் சரிஞ்சு போச்சுதப்பா," என்றேன்.

என் கணவர் ட்ராக்டரை விட்டு இறங்கிப் பார்க்கவில்லை. "பழைய மெசின்தானே. வித்தவன் ஏமாத்திப்போட்டான்."

எனக்கும் முதலில் விற்றவன்மேல்தான் சந்தேகம். லவாலுக்கு அப்பால் ஒரு பண்ணைக்காரனிடம் வாங்கியது. அவன் சிரித்துச் சிரித்துக் கதைத்ததே அப்போது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் டிசம்பர் முழுவதும் அதே ப்ளோவர் நேராகத்தான் வெட்டியது. ஏமாற்றுகிறவனின் மெசின் முதல் பனியிலேயே பல்லை இளித்திருக்கும்.

நான் செயின்ட்-மிஷேலில் ஒரு தையல் தொழிற்சாலையில் எட்டு வருடம் இருந்தவள். தையல் ஒரு பக்கம் இழுபட்டால் மெக்கானிக் வருமட்டும் காத்திருக்கமாட்டேன். ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டு போனால் மிச்சமாக நிற்பதுதான் கோளாறு. அடுத்த நாள் மத்தியானம் அவர் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்க, வீட்டுக்கு முன்னால் வெள்ளைத் துணி போர்த்திக் கட்டியிருந்த கார்க் கூடாரத்துக்குள் போனேன். ட்ராக்டர் அங்கேதான் நிற்கும்.

முதலில் டயர். முன்டயர்களில் இடது பக்கத்தில் காற்று கொஞ்சம் குறைவு. பம்பை வைத்து இரண்டையும் ஒரே அளவுக்கு ஏற்றினேன். பிறகு மேசன்மார் பிடிக்கும் ரசமட்டத்தை ட்ராக்டரின் முன் அச்சில் வைத்தேன். குமிழி நடுவில் நின்றது. ப்ளோவரின் முதுகில் வைத்தேன். குமிழி வலப்பக்கம் ஓடியது. ட்ராக்டர் சமம், ப்ளோவர் சமமில்லை.

அடுத்தது சப்பாத்து. ப்ளோவர் தரையைச் சுரண்டாமல் இருக்க இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு இரும்புச் சப்பாத்து உண்டு. அதை ஏற்றி இறக்கிப் பூட்டலாம். வலது சப்பாத்தின் நட்டுகள் துரு ஏறி அசையாமல் கிடந்தன. இடது சப்பாத்தின் நட்டுகளில் துரு உதிர்ந்து, ஸ்பானர் பிடித்த மூலைகள் பளபளத்தன. அந்தப் பக்கத்தை உயர்த்துவதற்காகச் சப்பாத்தை அதன் எல்லைமட்டும் கீழே இறக்கிப் பூட்டியிருந்தது, அப்படியும் போதவில்லை.

அந்தக் குளிரில் கையுறையைக் கழற்றிவிட்டு அந்த நட்டுகளைத் தடவியபடி கனநேரம் குந்தியிருந்தேன். இடப்பக்கம் தாழ்ந்துவிட்டது என்று தெரிந்த ஒருவர்தான் அந்தச் சப்பாத்தை இறக்கியிருக்க வேண்டும். அந்த ட்ராக்டரைத் தொடுகிற ஆள் ஒருவர்தான்.

ப்ளோவரை ட்ராக்டரோடு பிடித்திருக்கும் இரண்டு இரும்புக் கைகளையும் பார்த்தேன். இடது கையில் உள்ளங்கையளவு இடத்தில் சிவப்புப் பெயின்ட் கொஞ்சம் கூடச் சிவப்பாக இருந்தது. நகத்தால் சுரண்டினேன். புதுப் பெயின்ட் தோலாக உரிந்து வந்தது. அடியில் இரும்பு மடிந்திருந்தது.

உள்ளே வந்து தேத்தண்ணி போட்டேன். அவர் எழும்பி வந்தார்.

"எங்கையும் இடிச்சனீங்களோ?" என்று சாதாரணமாகக் கேட்டேன்.

"இல்லையே. ஏன்?"

"சும்மாதான்."

அவர் ரீவியைப் போட்டார். பதினாறு வருடத்தில் அவர் என்னிடம் பொய் சொல்லி நான் கண்டதில்லை. அல்லது கண்டுபிடித்ததில்லை. அந்த இரண்டாவது எண்ணம் வந்த பிறகு எனக்கு நித்திரை சரியாக வரவில்லை.

அந்தக் கிழமை முழுக்க அவரை உளவு பார்த்தேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. குடிக்கிறார் என்று நினைத்து, அவர் கொண்டுபோகும் சுடுதண்ணிப் போத்தலை மணந்து பார்த்தேன், கோப்பி மணம்தான். பிறகு, வேறு யாரிடமோ ட்ராக்டரைக் கொடுத்து ஓடவிட்டு, இவர் எங்கேயோ போகிறார் என்று நினைத்தேன். எங்கே, யாரிடம் என்று நினைப்பு நீண்டுகொண்டே போனது.

வியாழக்கிழமை கடைக்குச் சுகமில்லை என்று சொல்லிவிட்டு, காரை எடுத்துக்கொண்டு கர்க்லாண்டுக்குப் போனேன். அவர் வேலை முடித்துப் போய்விட்டார். முதல் வீட்டில் மெதுவாக்கினேன். பாதை எங்கே முடிகிறது, புல் எங்கே தொடங்குகிறது என்று காட்ட, பனிக்கு முன்பே கரையோரம் செம்மஞ்சள் கம்பிகளைக் குத்தி வைப்பார்கள். வலது கரையில் நாலு கம்பி வரிசையாக நின்றது. இடது கரையில் ஒன்றுகூட இல்லை. பனிக்கு நடுவே புல்லும் மண்ணும் கிளறுப்பட்டுக் கிடந்தன. சனிக்கிழமைகளில் படிகளைத் தவிர வேறெதையும் நான் கவனித்ததில்லை.

இரண்டாவது வீட்டில் இடது கரையில் ஒரு கம்பி முறிந்து தொங்கியது. மூன்றாவது வீட்டிலும் இடப்பக்கம். நாலாவது வீட்டில் இடது கரையில் கல்விளிம்பு உடைந்து, அதில் சிவப்புப் பெயின்ட் ஒட்டியிருந்தது. கை மடிந்த இடம் அதுதான். ஒன்பதாவது வீட்டோடு நிறுத்திவிட்டேன். குடிகாரன் ஒரு வீட்டில் இடப்பக்கம் இடித்தால் இன்னொரு வீட்டில் வலப்பக்கம் இடிப்பான். இது அப்படியில்லை.

காரைத் தெருவோரம் நிறுத்திவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தேன். கொஞ்ச நாளாக அவர் மேசையில் இடப்பக்கம் வைத்த கோப்பையைத் தட்டி ஊற்றியதும், மகளின் பள்ளிக்கூடப் பையில் தடக்கியதும் அப்போதுதான் மனதில் ஒன்றாக வந்து சேர்ந்தன.

பின்னேரம் அவர் அடுப்படியில் தோடம்பழம் உரித்துக்கொண்டிருந்தார். முன்னால் போய் நின்றேன்.

"வலது கண்ணைப் பொத்துங்கோ."

"என்ன விளையாட்டு இது?"

"பொத்துங்கோ எண்டு சொல்லுறன்."

அவர் பொத்தவில்லை. தோலைச் சின்னச் சின்னத் துண்டாகப் பிய்த்தார். "கூடாரத்துக்கை போனனீர் என்ன?"

"போனனான். கர்க்லாண்டுக்கும் போய்ட்டுத்தான் வாறன்."

பழத்தைக் கீழே வைத்தார். பிறகு, "பனிப்புகார் மூடின மாதிரி இருக்கு," என்றார். "இடது கண்ணிலை. கீழ்ப்பக்கம் ஒரு கறுப்பு நூல் ஓடும். பேந்து எல்லாம் மங்கும்."

"எப்ப தொடக்கம்?"

"கிறிஸ்மசுக்கு முன்னம்."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால் டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போவீர். அவர் லைசென்சை எடுத்துப்போடுவார். பதினாலு வீட்டுக்காரருக்கும் நான் என்ன சொல்லுறது?"

"ஒரு பிள்ளை அந்தக் கரையிலை நிண்டிருந்தால்?"

அவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். எனக்குக் கோபம் தலைக்கேறி நின்றது. அதே நேரம், வேறொரு பெண் இல்லை, குடி இல்லை என்று உள்ளே ஒரு மூலையில் நிம்மதியும் வந்தது. அந்த நிம்மதிக்காக என்மேலேயே அருவருப்பாகவும் இருந்தது.

டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன்; அவருக்கு இருந்த சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, கண்ணுக்குள் இரத்தக் கசிவாகியிருந்தது. லேசர் வைத்தார்கள். இன்னும் இரண்டு மாதம் விட்டிருந்தால் அந்தக் கண் போயிருக்கும் என்றார் டாக்டர். முழுப் பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றும் சொன்னார். என் கணவர் பயந்த மாதிரியே வாகனம் ஓட்டத் தடை வந்தது.

ப்ளோவரின் இடது கையைக் கழற்றி, செயின்ட்-மிஷேலில் ஒரு வெல்டிங்காரரிடம் கொண்டுபோனேன். அவர் சூடாக்கி நிமிர்த்தித் தந்தார். திரும்பப் பூட்டி ரசமட்டத்தை வைத்தேன், குமிழி இன்னும் கொஞ்சம் விலகியே நின்றது. மேல் போல்ட்டுக்குள் இரண்டு வாசர் வளையம் போட்டேன். இடது சப்பாத்தை மேலே ஏற்றி வலதுக்குச் சமமாக்கினேன். பிறகுதான் குமிழி நடுவுக்கு வந்தது.

அந்தக் குளிர்காலத்தின் மிச்சப் பனியை நானே அள்ளினேன். விடியமுதல் வீடுகளைத் தொடங்கி, முடித்துவிட்டுக் கடைக்கு ஓடுவேன். முதல் நாள் அந்தப் பிரெஞ்சுக்கார அம்மா யன்னல் திரையை விலக்கி, நான் ஓடி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு வெளியே வந்து இரண்டு கரையிலும் குனிந்து பார்த்தார். "மெர்சி" என்று சொன்னாலும், சந்தேகம் போகாத முகத்தோடுதான் உள்ளே போனார்.

மே மாதம் மண் மூட்டைகளும் புல் விதையும் வாங்கிக்கொண்டு இருவரும் வீடு வீடாகப் போனோம். என்ன நடந்தது என்று ஒவ்வொரு கதவிலும் அவரே சொன்னார். அவருடைய பிரெஞ்சு என்னுடையதைவிடப் பரவாயில்லை. இரண்டு வீட்டார் அடுத்த குளிருக்கு வேறு ஆளைப் பார்க்கிறோம் என்றார்கள். மற்றவர்கள் தலையாட்டினார்கள். என் கணவர் முழங்காலில் நின்று மண்ணைக் கொட்டிக் கையால் பரவி விதை தூவினார்.

"இந்தக் கரை முடிஞ்சுது," என்று சொல்லிவிட்டு எழும்பி அடுத்த வீட்டுக்கு நடந்தார்.

அவர் கொஞ்சத் தூரம் போகுமட்டும் நின்றேன். பிறகு குனிந்து, விதை விழாத இடம் இருக்கிறதா என்று பார்த்தேன். இரண்டு இடத்தில் விழவில்லை. அங்கே விதையைத் தூவிவிட்டு, அவருக்குப் பின்னால் போனேன்.